பக்கத்து வீட்டுச் சத்தமும் கீழ்வீட்டுக் கருவாடும்: செங்கல், ஏஏசி, மைவான்... எதில் குடிபோகலாம்?

கொளத்தூர், பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் ஃபிளாட் பார்க்கக் கிளம்பினால் மூன்று வகைக் கட்டுமானம் கண்ணில் படும். ஒன்று, பழைய செங்கல் சுவர். இன்னொன்று, தூண் எழுப்பி இடையில் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல், அடுக்குவது. மூன்றாவது, அலுமினிய அச்சு வைத்து முழுச் சுவரையும் கான்கிரீட்டாகவே வார்ப்பது, மைவான் என்பார்கள்.

பேச்சுச் சத்தம், டிவி சத்தம் இதையெல்லாம் தடுப்பது சுவரின் எடை. எடை இரட்டிப்பானால் மறுபக்கம் சுமார் 5 டெசிபல் குறையும். ஒரு கன மீட்டர் செங்கல் 1,600 கிலோவுக்கு மேல் இருக்கும், கான்கிரீட் 2,400, ஏஏசியோ சுமார் 600 கிலோதான். கணக்குப் போட்டால், எட்டு இன்ச் ஏஏசி சுவர்கூட நாலரை இன்ச் செங்கல் சுவரைவிட எடை குறைவு! ‘சுவர் நல்ல தடிமன் சார்’ என்று சைட்டில் சொன்னால், எதில் கட்டியது என்று கேளுங்கள். ஏஏசி வெயிலைத் தடுக்கும் என்பது உண்மைதான். மேற்குப் பார்த்த வெளிச்சுவருக்கு நான் அதையே எடுப்பேன். இரண்டு வீட்டுக்கு நடுவில் வரும் சுவருக்கு மாட்டேன். அதிலும் இரு பக்கமும் ஒரே இடத்தில் சுவிட்ச் பாக்ஸ் பதித்திருந்தால் சீரியல் வசனம் அப்படியே இந்தப் பக்கம் வரும்.

அப்போ மைவான்தானே நல்லது? பேச்சுச் சத்தத்துக்கு ஆமாம். ஆனால் சுவரும் சிலாபும் ஒரே வார்ப்பு என்பதால், நாலாவது மாடியில் ட்ரில் போட்டால் முதல் மாடியில் பல் கூசும். மேல்வீட்டில் ஸ்டூல் இழுப்பதும் இஞ்சி தட்டுவதும் மூன்று வகையிலுமே கேட்கும். ஸ்டூல் காலுக்கு ரப்பர் மாட்டச் சொல்லி மேல்வீட்டு அக்காவிடம் நயமாகக் கேட்பதுதான் வழி.

வாடை விஷயத்தில் சுவருக்கு வேலையே இல்லை. அது வருவது ஷாஃப்ட் வழியாக, அதாவது கட்டடத்துக்கு நடுவில் காற்றுக்காக மேல்வரை விடும் சந்து வழியாக. நாலு வீட்டுச் சமையலறையும் பாத்ரூமும் ஒரே குறுகிய ஷாஃப்டைப் பார்த்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வந்த நெத்திலிக் கருவாடு கீழே வறுபட, சூடான காற்று மேலேறி மூன்றாவது மாடி பாத்ரூமுக்குள் நுழையும். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாளில் ஜன்னலையெல்லாம் சாத்துவோம். அப்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் அது பாத்ரூம் வழியாக ஷாஃப்ட் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். கதவு இடுக்கையாவது அடைக்கலாம், ஷாஃப்டை என்ன செய்வது? புழங்காத பாத்ரூமில் சாக்கடை வாடை வந்தால் அது வேறு கதை: தரையில் தண்ணீர் போகும் துளைக்குக் கீழே வாடையைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் நஹானி டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு மக்கு ஊற்றினால் போதும்.

என் தேர்வு, வீடுகளுக்கு நடுவில் ஒன்பது இன்ச் செங்கல் சுவர், சமையலறை ஜன்னல் வெளிப்பக்கம். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஜன்னலை எடுப்பேன். வீடு பார்க்க மதியம் சமைக்கிற நேரத்தில் போங்கள், பாத்ரூம் வென்டிலேட்டரைத் திறந்து மோந்து பாருங்கள். புரோக்கர் சிரித்தால் சிரிக்கட்டும்.