பிந்திய கார்த்திகையில் சூரியகாந்தி: குட்டை ரகமா, வீரிய ஒட்டா, கொண்டைக்கடலையா?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மழை தள்ளிப்போய் நவம்பர் கடைசியில்தான் விதைக்க முடிகிறது என்றால், எது அதிகம் விளையும் என்பதை விட எது ஈரம் தீருமுன் மணி கட்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிசம்பருக்குப் பிறகு பெரிய மழையை நம்ப முடியாது. பூ விரிந்ததிலிருந்து மணி முற்ற ஏறக்குறைய 30 நாள். அந்த 30 நாளையும் மண்ணில் தேங்கிய ஈரம்தான் தாங்க வேண்டும்.

மார்டன் போன்ற குட்டை ரகங்களுக்கு 75 முதல் 85 நாள். நவம்பர் 25-ல் ஊன்றினால் பொங்கலை ஒட்டிப் பூக்கும், மாசி பிறக்கும்போது அறுவடை. கேபிஎஸ்எச் 44 போன்ற வீரிய ஒட்டு ரகத்துக்கு 95 நாளுக்கு மேல் ஆகும். பூ தை நடுவுக்குப் போய்விடும். ஒட்டில் தட்டு, அதாவது மணி பிடிக்கும் பூத்தலை, பெரிது, எண்ணெயும் கூடுதல். ஆனால் கரிசல் வெடிக்கத் தொடங்கிய பிறகு மணி பிடித்தால் தட்டின் நடுப்பகுதி முழுக்க உள்ளே பருப்பில்லாத பொக்குதான். ஆகவே பண்ணைக்குட்டையிலிருந்து பூக்கும்போது ஒரு தண்ணீராவது கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் ஒட்டு போடலாம். மற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை குட்டை ரகம்.

விதைச் செலவிலும் வித்தியாசம் உண்டு. குட்டை ரகத்துக்கு ஏக்கருக்கு 3 கிலோ, 45×30 செ.மீ. இடைவெளி, சுமார் 30,000 செடி. ஒட்டுக்கு 2 கிலோ, 60×30 செ.மீ., சுமார் 22,500 செடி. கிலோ விலை ஒட்டில்தான் மிக அதிகம். அறுவடையில் எடுத்து வைத்து மறுவருடம் விதைக்கவும் முடியாது. பிந்திவிட்டதே என்று நெருக்கி விதைப்பது பெரிய தப்பு: இருக்கிற ஈரத்தைப் பங்கு போட்டு எல்லாத் தட்டும் சிறுத்துவிடும். பத்தாம் நாளே குத்துக்கு ஒரு செடி நிறுத்திக் கலைத்துவிடுங்கள்.

எந்தச் சூரியகாந்தியைப் போட்டாலும் பொக்கைக் குறைக்க இரண்டு வேலை. மஞ்சள் இதழ் விரியும்போது லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் (வெண்காரம்), முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, தட்டில் படும்படி தெளிக்க வேண்டும். தேனீ குறைவாக இருந்தால் காலை 9 முதல் 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிய துணி சுற்றிய கையால் தட்டுகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தடவிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் தடவுவதில் பலன் குறைவு.

கொண்டைக்கடலை தேங்கிய ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து 85, 90 நாளில் வந்துவிடும். விதைதான் கூடுதல்: ஏக்கருக்கு 30 கிலோ, பெரிய பருப்பு ரகம் என்றால் 36. காய்ப்புழுவைக் கண்காணிக்காமல் விட்டால் காய் ஓட்டையாகும். மார்கழி பாதி தாண்டி விதைத்தால் காய் பிடிக்கும் வேளையில் வெயில் ஏறிவிடும். அப்போது இதுவும் வேண்டாம்.

கிளி இருக்கிற ஊரில் தனி ஆளாக ஓர் ஏக்கர் சூரியகாந்தி போட்டால், மணி பால் பிடிக்கும் நாளிலிருந்து அறுப்பு வரை காலையும் மாலையும் காவல் வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர்களும் அதே வாரத்தில் விதைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கொண்டைக்கடலைக்கே போங்கள்.