சூய்கோவபா, ஏலோபா?

நமீபியாவில் நாமா, தமாரா மக்கள் பேசுவது கோய்கோய் மொழி. அதில் வேதாகமத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முதல் வசனத்திலேயே இடிக்கும். ஆதியிலே படைத்தது யார்? அந்த மக்கள் மழை கேட்டு வேண்டிய சூய்கோவபா, கடவுளைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான ஏலோஹீமிலிருந்து செய்துகொண்ட ஏலோபா? பராபரனா, தேவனா, கடவுளா என்று நாமும் இழுத்துக்கொண்ட வழக்குதான்.

முதலில் சூய்கோவப். இந்தப் பெயரின் நடுவில் ஒரு சொடுக்கொலி வரும். வண்டிக்காரர் மாட்டை விரட்ட நாக்கைக் கன்னத்தோரம் இழுத்து எழுப்புவாரே, கிட்டத்தட்ட அதே ஒலி. பொருள் ‘புண்பட்ட முழங்கால்’ என்பார்கள். கௌனாப் என்ற தீயவனோடு பலமுறை மோதி, வென்ற அன்று முழங்காலில் பட்ட அடி அது. இல்லை, ‘செவ்விடியல்’ என்பதே பொருள் என்று 1881இல் வாதிட்டார் மொழி ஆய்வாளர் தியோஃபிலஸ் ஹான். சர்வவல்லவருக்கு நொண்டி முழங்கால் பெயரா என்று தயங்கத் தோன்றும்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை. யாக்கோபு இரவெல்லாம் போராடித் தொடைச்சந்து சுளுக்கி நொண்டியதை அதே வேதாகமம் சொல்கிறதே!

ஏலோபுக்குப் பழங்கதை எதுவும் கிடையாது. கடைசியில் வரும் ‘ப்’ அந்த மொழியின் ஆண்பால் விகுதி என்பதால் இலக்கணத்திலும் பொருந்திவிட்டது. ஆனால் வெறும் பாத்திரம். உள்ளே என்ன ஊற்றுவது என்பது போதகர் கையில். இன்னொரு கூத்தும் உண்டு. பிசாசுக்கு மட்டும் உள்ளூர்ப் பெயரே நிலைத்துவிட்டது. கடவுள் வெளியூர், பிசாசு சொந்த ஊர்!

வென்றது ஏலோப். 1966இல் வந்த முழு வேதாகமத்தின் தலைப்பே ‘ஏலோப்மீஸ்’, அதாவது ஏலோபின் வார்த்தை.

சரி, உள்ளூர்ப் பெயர் தோற்றது என்று முடித்துவிடலாமா? தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் அதே சூய்கோவபைக் கோய்கோய் மக்களிடமிருந்து கடன் வாங்கி ‘உதிக்ஸோ’ ஆக்கிக்கொண்டார்கள். 1859இல் முழுமையான கோசா வேதாகமத்தில் கடவுள் அவர்தான். பெற்ற வீட்டில் இடமில்லாத பெயர் பக்கத்து வீட்டில் பீடமேறிவிட்டது. கோசாவுக்கு அதுவும் ஒரு காலத்தில் அந்நியச் சொல்தான்; இன்று பெரும்பாலோர் அப்படி நினைப்பதில்லை.

அதனால் மொழிபெயர்ப்பு தொடங்கிய காலத்தில் கேட்டிருந்தால் நான் சூய்கோவப் பக்கம். இன்று கேட்டால் ஏலோபைத் தொடமாட்டேன். அந்த மக்களின் பாட்டிமார் ஜெபித்த பெயர் அது.