நிற்கிற செய்மதியா, ஓடுகிற செய்மதியா? யாழ்ப்பாணத்து வளவுக்கு எது சரி

2025 ஜூலையில், செய்மதி வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததிலிருந்து இங்கே அடிக்கடி காதில் விழுகிற கேள்வி: "அப்ப பழைய டிஷ்ஷைக் கழற்றி எறியலாமோ?" ரீவி பார்க்கிற வீடென்றால் எறியவேண்டாம் என்பதுதான் என் பதில்.

பழைய டிஷ் பார்ப்பது புவிநிலைச் செய்மதியை. பூமத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றரில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அது சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. இந்த ஏற்பாட்டை 1945இல் கட்டுரையாக எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பிற்பாடு கொழும்பிலேயே குடியேறியவர். யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பது நமக்குப் பெரிய வசதி. 83 பாகை கிழக்கில் நிற்கும் இந்தியச் செய்மதி இங்கிருந்து பார்த்தால் ஏறத்தாழ 78 பாகை உயரத்தில், உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். (டிஷ்ஷின் முகம் அவ்வளவு நிமிர்ந்து தெரியாது, அது அலையைச் சாய்வாக வாங்கும் ஆஃப்செட் டிஷ்ஷின் அமைப்பு.) லண்டனில் எந்தப் புவிநிலைச் செய்மதியும் 31 பாகையைத் தாண்டாது, எதிர்வீட்டுக் கூரையே மறைத்துவிடும்.

இதனால் மரங்கள் நிறைந்த வளவில் நிற்கிற செய்மதிக்கே வெற்றி. தென்னைக்கும் மாவுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி, சரியான திசையில் கிடைத்தால் போதும். ஸ்டார்லிங்க் அப்படியல்ல. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் செய்மதிகள் சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துபோகும். ஒன்று போக அடுத்ததைப் பிடிக்கவேண்டும். அகலமான திறந்த வானம் இல்லையென்றால் ஓலை அசைகிற இடமெல்லாம் இணைப்பு விட்டுவிட்டு வரும். தென்னை மரத்தைத் தறித்துவிட்டு இணையம் பார்க்க எனக்கு மனமில்லை.

சரி, ஸ்டார்லிங்க் எங்கே முந்துகிறது? கதைப்பதில். புவிநிலைச் செய்மதிக்கு ஏறி இறங்கவே சமிக்ஞைக்குக் கால் செக்கன் வேண்டும். கேள்வி போய்ப் பதில் வர அரைச் செக்கன். கனடாவிலிருக்கும் மகளோடு வீடியோவில் கதைத்தால் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறப்பார்கள், பிறகு ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். தாழ்வாக ஓடும் செய்மதியில் இந்தத் தாமதம் செக்கனில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஆனால் ஸ்டார்லிங்கில் ஒரே பகுதியில் ஆட்கள் கூடக் கூட வேகம் பங்குபோகும். ரீவி ஒளிபரப்பில் அந்தக் கவலையே இல்லை: ஒரு வீடு பார்த்தாலும் ஒரு இலட்சம் வீடு பார்த்தாலும் செய்மதி அனுப்புவது அதே ஒரு அலைதான். கிரிக்கெட் இறுதிப்போட்டிக்கு இதைவிட மலிவான வழி இன்னும் வரவில்லை.

ஆயுளிலும் வித்தியாசம் உண்டு. சூரியனும் நிலவும் இழுப்பதால் புவிநிலைச் செய்மதியின் பாதை சாய்ந்துகொண்டே போகும். அதைத் திருத்தும் எரிபொருள் சுமார் 15 வருடம் வரும். தீருவதற்குள் சில நூறு கிலோமீற்றர் மேலே தள்ளி ஒதுக்கிவிடுவார்கள். ஸ்டார்லிங்க் செய்மதியின் ஆயுள் ஏறத்தாழ 5 வருடம்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் ஓடுவதால் ஒன்று போனால் யாருக்கும் தெரியாது. புவிநிலையில் ஒன்று படுத்தால் ஊரே அறியும்: 2010 ஜூலையில் இன்சாட்-4பி என்ற இந்தியச் செய்மதியின் சூரியத்தகட்டில் கோளாறு வந்து, அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்தியபோது, அதன் வழியே வந்த சன் டைரக்ட் ரீவி சேவை தடுமாறியது.

மாரி மழை இரண்டையும் விடாது. இரண்டும் மழைத்துளி மங்கவைக்கும் கேயூ என்ற அலைவரிசைதான்.

நெடுந்தீவில், குறிகட்டுவானிலிருந்து படகில் போகிற இடத்தில், கடையோ விடுதியோ நடத்துபவர் கட்டணம் கட்ட முடிந்தால் ஸ்டார்லிங்க் எடுக்கலாம். மின்வெட்டுக்கு இன்வேர்ட்டரும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். சாதாரண ஸ்டார்லிங்க் 75 முதல் 100 வாட்ஸ் இழுக்கும். வாசலில் ஃபைபர் கம்பி வந்துவிட்ட நகரத்து வீட்டுக்கு இணையத்துக்காகச் செய்மதியே வேண்டாம். அங்கே டிஷ் ரீவிக்கு இருக்கட்டும். மார்ச் நடுவிலும் செப்டெம்பர் கடைசியிலும் நண்பகலை ஒட்டிச் சில நிமிடம் படம் உடைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். செய்மதிக்குப் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது, தானாகச் சரியாகிவிடும்.