ஸ்கைவியூவுக்கு 261 டிரான்ஸ்பாண்டர்: இணைப்பது எளிது, ஆன்டெனாவில்தான் வேலை இருக்கிறது

வீட்டில் கட்டும் விமானத்தில், பறப்புத் தகவல்களைக் காட்டும் டைனான் ஸ்கைவியூ திரையைப் போடுபவர்கள் பெரும்பாலும் ரேடாரின் கேள்விக்கு விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும் அதே நிறுவனத்தின் எஸ்வி-எக்ஸ்பிஎன்டிஆர்-261 டிரான்ஸ்பாண்டரையும் சேர்த்தே வாங்குகிறார்கள். மேலே டைனான் பெயர் இருந்தாலும், பெட்டியைச் செய்வது ஸ்காட்லாந்தின் ட்ரிக் நிறுவனம். அவர்களுடைய டிடி22-தான் உள்ளே இருக்கிறது. பெட்டியின் மேல் பொத்தானும் கிடையாது, திரையும் கிடையாது. ஸ்குவாக் எண் (கட்டுப்பாட்டாளர் தரும் நான்கு இலக்க அடையாளம்), ஐடென்ட் (ரேடார் திரையில் விமானத்தைத் தனித்துக் காட்டும் சைகை), மோட் மாற்றம் எல்லாமே ஸ்கைவியூவின் தொடுதிரையிலோ பொத்தான்களிலோ நடக்கும். பேனலில் ஓர் அங்குலம்கூடப் பிடிக்காது என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி.

261 முதல் வகுப்புப் பெட்டி, உமிழ்திறன் 250 வாட். அதே வரிசையின் 262 இரண்டாம் வகுப்பு, 130 வாட். வகுப்புக் கணக்கு பெட்டியின் பின்புறத்தில் அளப்பதல்ல, ஆன்டெனாவில் அளப்பது. முதல் வகுப்புக்கு அங்கே குறைந்தது 125 வாட் இருக்க வேண்டும், இரண்டாம் வகுப்புக்கு 70. இரண்டாம் வகுப்பு 15,000 அடிக்கு மேலோ 175 நாட் வேகத்துக்கு மேலோ போகும் விமானத்துக்கு ஆகாது. ஆர்வி-7, ஆர்வி-8 போன்ற கிட் விமானங்கள் பெரிய எஞ்சினோடு அந்த வேகத்தைத் தொட்டுவிடும் என்பதால் அவற்றுக்கு 261 மட்டுமே சரி. மெதுவாகப் பறக்கும் இலகு விமானத்துக்கு 262 போதும்.

மின் இணைப்பு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. 25 பின் டி-சப் கனெக்டரில் மின்சாரம், கிரவுண்ட், ஆர்எஸ்-232 (சீரியல் தரவு) வரவு ஒன்று, செலவு ஒன்று, ஜிபிஎஸ் இடத்தகவலுக்கு ஒரு கம்பி. அவ்வளவுதான். பின் எண்களை அந்தப் பெட்டியோடு வந்த கையேட்டிலிருந்தே எடுங்கள். தனியாக விற்கும் டிடி22 படத்தை வைத்து ஹார்னெஸ் (கம்பிக் கட்டு) கட்ட வேண்டாம். 22 கேஜ் கம்பி, நல்ல கிரிம்பர், பின்னைச் செருகியதும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது. டி-சப்பில் வரும் கோளாறுகளில் பாதி, கிளிக் ஆகாமல் நின்ற பின்னால் வருபவை.

திரை அனுப்பும் கம்பி பெட்டியின் வாங்கும் பின்னுக்கும், பெட்டி அனுப்புவது திரையின் வாங்கும் பின்னுக்கும் போக வேண்டும். இதை மாற்றிப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. எது அனுப்பும் கம்பி என்று சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரே சொல்லிவிடும். சும்மா இருக்கும் ஆர்எஸ்-232 அனுப்பும் கம்பி கிரவுண்டை ஒப்பிட மைனஸ் 5 வோல்ட் அல்லது அதற்கும் கீழே காட்டும். வாங்கும் பின் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கம்பியைக் கழற்றி இரண்டு பக்கப் பின்னையும் தனித்தனியாக அளக்கும்போது இரண்டிலும் மைனஸ் தெரிந்தால் இரண்டு அனுப்பும் பின்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள்.

இரண்டு திரை உள்ள விமானத்தில் இந்தக் கம்பிகளை இரண்டு திரைக்கும், இரண்டிலும் ஒரே எண்ணுள்ள சீரியல் போர்ட்டுக்கு, இணையாகக் கொண்டுபோக வேண்டும். ஒரு திரை அணைந்தால் மற்றது பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு மட்டும் இழுத்தால் சாதாரண நாளில் வித்தியாசமே தெரியாது. அந்தத் திரை போகும் நாளில் டிரான்ஸ்பாண்டரும் கூடவே போய்விடும். மென்பொருளில் சீரியல் போர்ட் அமைப்புக்குப் போய் வரவு, செலவு இரண்டிலும் டிரான்ஸ்பாண்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரவை மட்டும் அமைத்துவிட்டு, "பெட்டி பதில் சொல்லவில்லை" என்று கம்பியைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

அடுத்தது உயரத் தகவல். ட்ரிக்கின் சொந்தக் கட்டுப்பாட்டுத் தலையை வைத்து டிடி22-ஐப் போட்டால், உயரத்தை அளக்கும் என்கோடர் அந்தத் தலைக்குள்ளேயே இருக்கும். வெளிக் காற்றழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டேடிக் குழாயையும் அதற்கு இழுக்க வேண்டும். 261-இல் அந்தத் தலை இல்லாததால் உயரம் ஸ்கைவியூவின் ஏடிஏஎச்ஆர்எஸ் (காற்றழுத்தம், சாய்வு, திசை அளக்கும் சென்சார்) பெட்டியிலிருந்து வருகிறது. விமானி பார்க்கும் உயரமும் கட்டுப்பாட்டு நிலையம் பார்க்கும் உயரமும் ஒரே சென்சாரிலிருந்து வருவதால், அமெரிக்க விதி கேட்கும் 125 அடி ஒத்திசைவு தானாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் இதில் ஒரு சூது இருக்கிறது. ஸ்டேடிக் குழாயில் கசிவு இருந்தால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும், ஒன்றையொன்று காட்டிக்கொடுக்காது. கசிவுச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

உள்ளூர்க் காற்றழுத்தத்தை அமைக்கும் பாரோ குமிழைத் திருப்பினால் அனுப்பும் உயரமும் மாறும் என்பது தவறான எண்ணம். பெட்டிக்குப் போவது எப்போதும் 29.92 அங்குலப் பாதரச அழுத்தத்துக்கான உயரம். சரிபார்க்க வேண்டுமானால் பாரோவை 29.92-இல் வைத்து, திரையின் உயரத்தையும் டிரான்ஸ்பாண்டர் காட்டும் பறப்பு மட்டத்தையும் (நூறு அடிக் கணக்கு) ஒப்பிடுங்கள்.

ஸ்குவாக் எண்ணும் உயரமும் மட்டும் அனுப்பும் பழைய மோட் சி பெட்டியையே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கேடி-76ஏ போன்றவை உயரத்தை பிட்டுக்கு ஒரு கம்பியாக அனுப்பும் கில்ஹாம் கிரே கோடு மட்டுமே வாங்கும். அவற்றுக்கு சீரியலை கிரே கோடாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று இடையில் வேண்டும், கம்பிகளும் பத்துக்கு மேல் ஆகும். அதில் ஒன்று அறுந்தாலும் உயரம் குறிப்பிட்ட சில மட்டங்களில் மட்டும் தாவும். தேடிப் பிடிப்பது பெரிய எரிச்சல். அந்த உழைப்புக்கு, விமானத்துக்கு ஒரு தனி எண்ணோடு பதில் சொல்லும் 261 போன்ற மோட் எஸ் பெட்டியே மேல்.

ஏடிஎஸ்-பி அவுட் (ஜிபிஎஸ் இடத்தைத் தானாகவே ஒலிபரப்புவது) வேண்டுமென்றால் ஜிபிஎஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் உதவாது. சாதாரண எஸ்வி-ஜிபிஎஸ்-250 வரைபடத்துக்குப் போதும், ஆனால் அதன் இடத்தகவலுக்கு நம்பக மதிப்பு (அது எவ்வளவு நம்பத்தக்கது என்ற அளவு) கிடைக்காது. அமெரிக்காவில் 2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதி கேட்கும் தரத்துக்கு எஸ்வி-ஜிபிஎஸ்-2020 வேண்டும். அதன் அனுப்பும் கம்பி திரைக்கு மட்டும் போனால் போதாது, டிரான்ஸ்பாண்டரின் இடத்தகவல் பின்னுக்கும் நேராகப் போக வேண்டும். இந்தக் கிளைக் கம்பியை மறந்தால் திரையில் எல்லாம் அழகாகத் தெரியும், வானில் மட்டும் விமானம் தகுதியில்லாததாகத் திரியும்.

இனி ஆன்டெனா. முழுப் பணமும் உழைப்பும் இங்கேதான் வீணாகும், அல்லது பலன் தரும். பதில் போகும் அலைவரிசை 1090 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 27.5 செ.மீ., கால் அலை 7 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பெட்டிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே மொத்த இழப்பு 1.5 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. அந்த எல்லையிலேயே 250 வாட்டில் 177 வாட்தான் வெளியே போகும். ஆர்ஜி-400 கேபிளில் கனெக்டர்களையும் சேர்த்தால் சுமார் 2.5 மீட்டரோடு கணக்கு முடிந்துவிடும். மீந்துபோன ஆர்ஜி-58-ஐ இதற்குப் போடாதீர்கள். பெட்டியில் இருப்பது டிஎன்சி கனெக்டர். பிஎன்சி முனையோடு கேபிள் செய்துவிட்டு அடாப்டர் மாட்டுவது இழப்பையும் கோளாறையும் சேர்த்து வாங்குவது. பெட்டியை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைக்க முடிவதே பேனல் டிரான்ஸ்பாண்டரைவிட இதன் உண்மையான ஆதாயம். அதை விட்டுவிட்டு பேனலுக்குப் பின்னாலேயே திருகி வைப்பதில் அர்த்தமில்லை.

உலோக விமானத்தில் தரைத்தளம் (ஆன்டெனாவுக்கு அடியில் வேண்டிய உலோகப் பரப்பு) தோலிலேயே இருக்கிறது. ஆன்டெனா அடியில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தோடு தொடர்பு உண்டாக்கினால் போதும். கண்ணாடி இழை விமானத்தில் உள்ளே உலோகத் தகடு வைக்க வேண்டும். எல்லாப் பக்கமும் கால் அலை, அதாவது 7 செ.மீ., என்பது அடிமட்டம், பெரிதாக இருந்தால் நல்லது. கார்பன் உடலுக்குள் ஆன்டெனாவை ஒளித்து வைத்தால் வேலை செய்யாது, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வெளியே, சக்கரக் காலின் நிழல் விழாத இடத்தில், வயிற்றுப்பகுதியில் வைப்பதே வழி. எஞ்சின் எண்ணெய் படியும் கோடு என்றால் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.

அமைப்புத் திரையில் மோட் எஸ் குறியீடு ஒரு பொறி. 24 பிட் எண்ணை அமெரிக்கப் பதிவேடு இரண்டு வடிவில் தருகிறது: எட்டு இலக்க ஆக்டல், ஆறு இலக்க ஹெக்ஸ். அமெரிக்க விமானங்களுக்கு ஹெக்ஸ் 'ஏ'-யில் தொடங்கும், ஆக்டல் 5-இல் தொடங்கும். திரை எதைக் கேட்கிறது என்று பார்த்துப் போடுங்கள். பறப்பு அடையாளம் வாலில் உள்ள பதிவெண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

குறை என்று சொன்னால், திரை இல்லாமல் இந்தப் பெட்டி ஊமை. ஒரே திரையும் துணை பேட்டரி இல்லாததுமான விமானத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே கார்மின் ஜிடிஎக்ஸ் 335 போலத் தனக்கென்று முகப்பு உள்ளதோ, சொந்தக் கட்டுப்பாட்டுத் தலையோடு டிடி22-ஓ புத்திசாலித்தனம். ஸ்கைவியூ அல்லாத திரை வைத்திருப்பவர்களுக்கும் இதுவே பதில். மற்ற விமானங்களைத் திரையில் பார்க்க 261 ஓரளவே உதவும். ரேடார் நிலையம் அனுப்பும் டிஐஎஸ் போக்குவரத்துத் தகவல் சில ரேடார் நிலையங்களின் எல்லைக்குள் மட்டுமே வருகிறது. 978, 1090 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் வரும் ஏடிஎஸ்-பி தகவலைக் கேட்கும் எஸ்வி-ஏடிஎஸ்பி-472 தனியாக வேண்டும்.

முடித்ததும் சோதனைக் கருவி வைத்திருப்பவரிடம் முழுப் பரிசோதனை. அமெரிக்க விதிப்படி இது 24 மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் செய்ய வேண்டியது. தரையில் இருக்கும்போது ஸ்கைவியூ பெட்டியைத் தரை மோடில் வைத்திருக்கும், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது. பழுதென்று அவிழ்ப்பதற்கு முன் கையால் உயர மோடுக்கு மாற்றிப் பாருங்கள். அதன்பின் ஒரு பறப்பு பறந்து, அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ இலவசமாகத் தரும் ஏடிஎஸ்-பி செயல்திறன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சிவப்புக் கட்டம் நம்பக மதிப்பில் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஜிபிஎஸ் கிளைக் கம்பி. அடையாளத்தில் விழுந்தால் ஹெக்ஸ் எண்.