சீஸ்டாரா, டுவார்ஃபா: நம் மொட்டை மாடிக்கு எது?

ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் ஊரில் எந்த மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும்?" என்றுதான். பிக்சல் கணக்கெல்லாம் அப்புறம்.

சென்னையில் என் வீட்டு மாடியில் சீஸ்டார் எஸ்50 இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. நண்பரின் டுவார்ஃப் 3 சில வாரங்கள் என்னிடம் இருந்தது. இரண்டும் செய்கிற வேலை ஒன்றே. கண்ணில் படும் நட்சத்திரங்களின் அமைப்பை வைத்துத் திசையைக் கண்டுபிடித்து, கேட்ட பொருளை நோக்கித் தானே திரும்பும். சில விநாடிப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, போனில் காட்டும். அறிமுகமானபோது இரண்டுமே ஏறத்தாழ 500 டாலர். இறக்குமதி வரி தனி. வெஸ்பெரா 2 என்ற இன்னொரு ஸ்மார்ட் தொலைநோக்கியும் நல்ல கருவிதான். ஆனால் அதே 50 மி.மீ. லென்ஸுக்கு மூன்று மடங்கு விலை என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எஸ்50-இன் லென்ஸ் 50 மி.மீ., குவியத்தூரம் 250 மி.மீ. டுவார்ஃப் 3-க்கு 35 மி.மீ., 150 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் எஸ்50 இரண்டு மடங்கு ஒளியை வாங்குகிறது. பிக்சலில் டுவார்ஃப் முந்துகிறது: சீஸ்டாரின் 20 லட்சத்துக்கு எதிரே 83 லட்சம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள்: சீஸ்டாரில் 2.4 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை), டுவார்ஃபில் 2.75. அதாவது அந்தக் கூடுதல் பிக்சல்கள் நுணுக்கத்தைக் கூட்டவில்லை, பரப்பைத்தான் கூட்டுகின்றன. சீஸ்டாரின் சட்டம், அதாவது ஒரே படத்தில் அடங்கும் வானம், 1.29 பாகைக்கு 0.73 பாகை, டுவார்ஃபுக்கு 2.9-க்கு 1.7.

மூன்று பாகை நீளும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி டுவார்ஃபில் ஏறக்குறைய முழுசாக உட்கார்ந்துவிடும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் அதைச் சுற்றிய நீல மூட்டத்தோடு தாராளமாக வரும். சீஸ்டாரில் கார்த்திகை இறுக்கமாகத்தான் அடங்கும். ஆண்ட்ரோமெடாவுக்குப் பல படங்களை ஒட்டிச் சேர்க்கும் மொசைக் போட வேண்டும், அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

ஆனால் ஆண்ட்ரோமெடா மாலையில் உயரத்தில் நிற்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம்! மழை விட்டு ஜனவரியில் வானம் திறக்கும்போது அது மேற்கே இறங்கத் தொடங்கியிருக்கும். பிப்ரவரி முதல் மே வரை நமக்குக் கிடைக்கும் நல்ல இரவுகளில் வருபவை பெரும்பாலும் சிறிய பொருள்கள்: சிம்மத்தின் மூன்று கேலக்ஸிகள், எம்51, எம்81, எம்82 என்ற கேலக்ஸிகள், கன்னியில் குவிந்து கிடக்கும் கேலக்ஸிகள். மே மாதம் பத்து மணிவாக்கில் தெற்கே 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி வந்து நிற்கும். நட்சத்திரங்கள் அப்படியே கொட்டிக் கிடக்கும் அந்தக் கொத்து சீஸ்டார் சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. இதற்கெல்லாம் அந்த இரண்டு மடங்கு ஒளி பெரிய உதவி. அதனால் கடற்கரை மாவட்டக்காரர்களுக்கு என் கை எஸ்50 பக்கம்தான் நீளும். ரோசெட், கரினா போன்ற அகன்ற நெபுலாக்கள்தான் (விண்வெளி வாயு மேகங்கள்) ஆசை என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

தெருவிளக்கைச் சமாளிக்க இரண்டிலும் உள்ளேயே ஃபில்டர் உண்டு. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றதை மறைக்கும். நெபுலாவுக்கு அற்புதம், கேலக்ஸிக்கும் கொத்துக்கும் போடாதீர்கள், அவை எல்லா நிறத்திலும் ஒளிர்பவை.

இன்னொன்று, நம் அட்சரேகை சம்பந்தப்பட்டது. இவை மேலும் கீழும், இடமும் வலமுமாகத் திரும்பிப் பின்தொடர்வதால் படம் மெல்லச் சுழலும். கிழக்கிலும் மேற்கிலும் சுழற்சி மிகக் குறைவு. ஓரியன் நெபுலா சென்னையில் தெற்கே உச்சத்தில் நிற்கும்போது மணிக்கு 45 பாகைக்கு மேல் சுழல்கிறது. சீஸ்டாரில் 30 விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் சட்டத்தின் மூலையில் ஒரு நட்சத்திரம் ஏழு பிக்சல் இழுபடும். அங்கே 10 விநாடி போதும். சிம்மத்தின் மூன்று கேலக்ஸிகளோ நேராகத் தலைக்கு மேலேயே கடக்கும், அங்கே சுழற்சி இன்னும் வேகம். அதனால் மார்ச்சில் இரவு எட்டரைக்கே அவற்றைக் கிழக்கில் பிடித்துவிடுங்கள்.

சுழற்சியைத் தவிர்க்க, கருவியை வானத்தின் வட துருவம் (துருவ நட்சத்திரம் இருக்கும் இடம்) நோக்கிச் சாய்க்கும் ஈக்யூ முறை இரண்டிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் கொஞ்சம் சாய்த்தால் போதும். சென்னையில் துருவம் வெறும் 13 பாகை உயரத்தில். கருவியைக் கிட்டத்தட்ட படுக்கவே வைக்க வேண்டும். இங்கே 1.3 கிலோ டுவார்ஃப் கெட்டிக்காரப்பிள்ளை, சாதாரண கேமரா ட்ரைபாடே தாங்கிவிடும். 2.5 கிலோ சீஸ்டாருக்குக் கால்கள் அகன்ற, கனமான ட்ரைபாட் வேண்டும். பஸ்ஸில் ஏலகிரி, ஜவ்வாது மலை என்று போகிறவர்களும் இந்த எடையை யோசிக்கலாம். அங்கே பால்வீதியை எடுக்க டுவார்ஃபில் தனியாக அகலக் கோணக் கேமராவும் உண்டு. எஸ்50-இல் அது இல்லை.

நண்பரிடம் டுவார்ஃபைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் கார்த்திகை வரும்போது மறுபடி கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் என் சீஸ்டார் அவருக்குப் போகும்.