பம்புக்கு கொயில் வாங்க முன்ன இந்த ஸ்பார்க் டெஸ்டர வாங்குங்க

ஆஸ்பத்திரி சிரிஞ்ச் சைஸ்ல ஒரு சாமான், நடுவுல சின்ன பல்ப். ஒரு நுனிய எஞ்சின்ட ஸ்பார்க் பிளக்கில மாட்டி மற்ற நுனியில பிளக் கெப்ப மாட்டிட்டு கயித்த இழுக்க வேண்டியதுதான், ஸ்பார்க்குக்கு கறண்ட் குடுக்கிற கொயில்ல இருந்து பிளக்குக்கு கறண்ட் பாஞ்சா பல்ப் மின்னும், பாயாட்டி மின்னாது. சீனா சாமான், பேர் ஒண்டும் அடிச்சி இல்ல, ஒரு நல்ல பிளக் வாங்கிற சல்லிய விட கொஞ்சம் கூட. வட்டையில, அதான் வயல் வெளியில, பம்ப் வச்சிரிக்கிற ஆக்கள், புல்லு வெட்டுற மெசின் வச்சிரிக்கிற ஆக்கள் கட்டாயம் வாங்கலாம். 5க்கு 4 குடுப்பன், அந்த ஒண்ட ஏன் குறைச்சன் எண்டு கீழ சொல்றன்.

மச்சான்ட பம்ப் 2 இஞ்சி, ஹொண்டா ஜிஎக்ஸ்160 மாதிரி அடிச்ச சீன எஞ்சின். மட்டக்களப்பு படுவான்கரையில சிறுபோகம் செய்யிறவர், வாய்க்கால் தண்ணி கடைசி வயலுக்கு ஏறாது, வடிச்சலுக்க இருந்து இறைச்சாத்தான் உண்டு. மெசின் நல்லா ஓடும், திடீரெண்டு நிக்கும், மறுகா என்ன இழுத்தாலும் ஸ்பார்க் இல்ல. தூக்கிட்டு கராச்சுக்கு போனா அங்க ஒரு இழுவையில ஸ்டார்ட் ஆகி சிரிக்குது! கொயில் சூடேறி ஸ்பார்க்க வெட்டுது எண்டு சொல்லி கொயிலும் மாத்தி பிளக்கும் மாத்தி அனுப்பிட்டாங்க. அவங்கள முழுசா பிழை சொல்லவும் ஏலா, சூடேறினா வெட்டுற கொயில் உண்மையாவே இரிக்கு. ஆனா புதுக் கொயிலோட வட்டைக்கு போயும் அதே கதை.

அப்பத்தான் இத மாட்டி ஓடவிட்டுப் பாத்த. இந்த டெஸ்டர்ட பெரிய நன்மையே அதுதான், பிளக்க கழட்டாம, மாட்டினபடியே மெசின ஓடவிட்டு பாக்கலாம். பிளக்க கழட்டி எஞ்சின் ஹெட்டில புடிச்சி பாக்கிற பழைய முறையில பெற்றோல் ஆவி ஓட்டைக்குள்ளால வந்து குப்பெண்டு பத்தவும் கூடும். மெசின் நிக்கிற நேரம் பல்ப்பதான் பாக்கணும். பெற்றோல் வராம நிண்டா, வீல் சுத்தி ஓயிற வரைக்கும் பல்ப் மின்னிட்டே இரிக்கும். இங்க அப்படி இல்ல, வீல் சுத்திட்டு இரிக்கக்குள்ளயே பல்ப் டப்பெண்டு செத்திட்டு. அப்ப பெற்றோல் குடுக்கிற காபரேட்டர குடைஞ்சி வேலையில்ல, கோளாறு கறண்டில.

மறுகா கொயில்ல இருந்து ஓஃப் சுவிட்சுக்கு போற கறுப்பு வயர கழட்டிட்டு இழுத்தம், பல்ப் மின்னுது. அப்ப கொயில் நல்லம். இந்த மெசின்கள்ல ஓஃப் பண்றது எண்டா கொயில்ட கறண்ட மெசின்ட இரும்பு பொடியில எர்த் பண்றதுதான், அந்தப் பாதையில எங்கயோ தானா எர்த் ஆகுது. கறுப்ப திரும்ப மாட்டிட்டு, ஒயில் குறைஞ்சா மெசின நிப்பாட்டுற ஒயில் சென்சர்ட மஞ்சள் வயர கழட்டினம், அப்பயும் மின்னுது. ஆள் ஆப்பிட்டான்.

ஆனா ஒயில் அளவு பாக்கிற ஸ்டிக்க எடுத்துப் பாத்தா ஒயில் இரிக்கு! மச்சான் என்ன பாக்கிறார், நான் மெசின பாக்கிறன். வரம்பு ஓரத்தில வச்ச மெசின், உறிஞ்சிற ஹோஸ்ட பாரமும் ஆட்டமும் சேந்து ஒரு பக்கம் சேத்துக்க புதைஞ்சி சரிஞ்சி நிக்குது. சரிவுல ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிட்டு, சென்சர்ட மிதவை கீழ இறங்கி ஒயில் இல்ல எண்டு ஸ்பார்க்க வெட்டுது. கராச்சில சீமெந்து தரை, அங்க எப்படி புடிபடும்? ஒரு பலகைய போட்டு மட்டமா வச்சி, ஸ்டிக்க திரும்ப பாத்து குறைஞ்ச ஒயில விட்டு, ரெண்டு வயரையும் மாட்டினம். பொழுதுபடும் வரைக்கும் இறைச்சிது.

சில பேர் அந்த மஞ்சள் வயர வெட்டியே விட்டிடுறாங்க, அத மட்டும் செய்யாதீங்க. மொத்தமா 600 மில்லி அளவுதான் ஒயில் புடிக்கும், அது வத்தி பிஸ்டன புடிச்சிரிக்கிற கொன்ரொட் முறிஞ்சா பிறகு வேற எஞ்சின்தான்.

இப்ப குறை. மட்டக்களப்பு மத்தியான வெயில்ல இந்த பல்ப் மின்னுதா இல்லையா எண்டே தெரியாது, ஒராள் தொப்பியால மறைச்சி புடிக்க மற்றாள் இழுக்கணும். அடுத்தது, ஸ்பார்க் பலமா சோர்வா எண்டு இது சொல்லாது. கரி ஏறின பிளக்கிலயும் மின்னும், சுத்திற வீல (பிலைவீல்) இடம் மாறாம புடிக்கிற கீ வெட்டுப்பட்டு ஸ்பார்க் வாற டைமிங் மாறிப் போனாலும் மின்னும். அதால பல்ப் மின்னியும் ஸ்டார்ட் ஆகல்ல எண்டா பிளக்க கழட்டி பாக்கத்தான் வேணும், பிளக் நுனியில ஸ்பார்க் பாயிற இடைவெளி 0.7ல இருந்து 0.8 மில்லிமீட்டர். ஸ்பார்க் பலத்த பாக்க வேணுமெண்டா இடைவெளி திருகி மாத்துற டெஸ்டர் தனியா வருது, கராச் வச்சிரிக்கிறவங்க அத வாங்குங்க, வீட்டுப் பாவனைக்கு இது காணும்.

வாங்கக்குள்ள டெஸ்டர் நுனியில இரிக்கிற ரப்பர் பூட்ட, அதான் ரப்பர் உறைய, நசிச்சி பாருங்க, வெடிச்சது எண்டா இழுக்கிற கையிலயே ஷொக் அடிக்கும். நேர் மொடலும் வளைஞ்ச மொடலும் இரிக்கு, பிளக் இடுக்குக்குள்ள இரிக்கிற மெசினுக்கு வளைஞ்சதுதான் சரிவரும்.