ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

மவுன்டன் பைக் சைக்கிளில் முதல் கிராஸ் கன்ட்ரி (மேடுபள்ளமான மண் தடத்தில் ஓட்டும்) ரேஸுக்குப் புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில்தான். முன்னால் மட்டும் 100 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க், ஏற்றத்தில் மிதிக்கிற பலம் வீணாகாமல் பின்சக்கரத்துக்குப் போகும். மழைக்குப் பிறகு ஆரோவில் பக்கம் செம்மண் தடத்தில் ஓட்டிப் பாருங்கள். சேறு டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். ஹார்ட்டெயில் என்றால் ஒரு குச்சியால் சுரண்டி, வாளித் தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும். முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் ஃபுல் சஸ்பென்ஷனில் பின் ஷாக், ஃபிரேம் மூட்டுகளில் இருக்கும் பிவட் பேரிங் என்று பார்க்க நிறைய இருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்று வேறு. விலையும் எடையும் கூடுதல்.

ஆனால் வேரும் கல்லும் நிறைந்த இறக்கத்தில் ஃபுல் சஸ்பென்ஷன்தான் ராஜா. கடலூர் பக்கம் கேப்பர் மலைச் சரிவில் நண்பரின் வண்டியை வாங்கி ஓட்டினேன்; பின்சக்கரம் துள்ளவே இல்லை, இடுப்பும் வலிக்கவில்லை. ஊட்டிப் பக்கம் ரேஸ் என்றால் அப்புறம் யோசிக்கலாம்.